முள் ஆடும் பெட்டியை வாங்கச் சொன்னவன்

"அண்ணாச்சி, வீட்டுலயே ரெக்கார்டிங் வைக்கப் போறேன். ரொம்பப் பணம் போட முடியாது. எந்த கம்ப்ரசர் வாங்கட்டும்?"

ஆடி பிறந்துவிட்டால் எனக்கு இந்த போன் வரத் தொடங்கிவிடும். தீபாவளி சீசனுக்குப் பட்டாசுக் கடை விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவர்கள் சிவகாசிப் பக்கத்தில் இப்போது ஏராளம். பகலில் அச்சகத்தில் காலண்டர் வேலை பார்ப்பார்கள். வேலை முடிந்து வந்ததும் வீட்டில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு மைக்கை நிறுத்தி, நான்கு போர்வையைச் சுற்றிலும் தொங்கவிட்டு, "வாங்க வாங்க, சிவகாசி விலையில் சரவெடி" என்று பேசிப் பதிந்து அனுப்பிவிடுவார்கள். அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'கம்ப்ரசர் அண்ணாச்சி'. ஒரு காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியாது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் செருப்பைத் தேடிக்கொண்டு அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் போனில் காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில், நான் சொல்லும் கம்ப்ரசர் பஞ்சர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் கிடையாது. இது பள்ளிக்கூடத்து டிபன் டப்பா அளவிலிருந்து சூட்கேஸ் அளவு வரை பலவிதமாக வரும் ஒரு பெட்டி. மனுசக் குரல் ஒரே அளவில் நிற்காது. ஒரு சொல்லில் ஏறும், அடுத்த சொல்லில் இறங்கும். அடுப்பில் பால் வைத்திருப்பவர் பொங்கி வரும்போது தீயைக் குறைத்து, அடங்கியதும் கூட்டுவார் இல்லையா, அந்த வேலையைத்தான் இந்தப் பெட்டி குரலுக்குச் செய்கிறது. சத்தம் கூடினால் அமுக்கும், குறைந்தால் தூக்கிக் கொடுக்கும். கம்ப்யூட்டருக்குள்ளேயே இதைச் செய்துகொள்ளலாம். ஆனால் கையால் திருகிப் பழகியவர்களுக்குப் பெட்டியில்தான் நம்பிக்கை. என்னிடம் கேட்பவர்களும் அந்த ரகம்தான்.

நான் வேலை கற்றது விருதுநகரில், பஜாருக்குப் பின்சந்தில் இருந்த ஒரு ரெக்கார்டிங் சென்டரில். அதற்கு முன்னால் சில வருசம் மைக்செட் போடும் வேலை. கோவில் கொடைத் திருவிழாவுக்குக் கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவேன். கட்டி முடித்ததும் அதன் வாய்க்கு நேரே நின்றுகொண்டு பாட்டைப் போடச் சொல்வேன். எனக்கு அதில் ஒரு பெருமை. காது அடைத்துக்கொண்டால் மறுநாள் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

சென்டரின் முதலாளி சாகுல் பாய். பஜாரில் மூன்று தலைமுறையாக வியாபாரம் பார்த்த குடும்பம். அண்ணன் தம்பிகள் பருப்பு மூட்டைகளோடு இருக்க, இவர் மட்டும் டேப்பும் மைக்குமாகப் போய்விட்டார். வெள்ளைச் சட்டையில் கசங்கல் இருக்காது. சத்தம் போட்டுப் பேச மாட்டார். தப்புச் செய்தால் திட்டவும் மாட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். அதற்கு நாலு அடி வாங்கிவிடலாம்.

அவர் லெவல் வைக்கும் முறையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மைக் முன்னால் நிற்க வைத்து 'ஹலோ ஹலோ' சொல்லச் சொல்லவே மாட்டார். "ஹலோன்னு சொல்லும்போது எவனும் சொந்தக் குரல்ல பேச மாட்டான்லே" என்பார். பேச வந்தவரை உட்கார வைத்து, வெகு சாதாரணமாக, "காலையில என்ன சாப்பிட்டீக?" என்று கேட்பார். அவர்கள் இட்லி, துவையல், வீட்டில் வந்த சண்டை என்று பேசிக்கொண்டிருக்கும்போது பாயின் விரல் ஓசையில்லாமல் குமிழைத் திருகிக்கொண்டிருக்கும். அது கீழ் அளவு. அடுத்து, "இப்ப உங்களுக்குப் பிடிக்காத யாரையாவது நல்லாத் திட்டுங்க" என்பார். பெண்கள் கூச்சப்படாமல் மாமியாரைத் திட்டுவார்கள். ஆண்கள் பெரும்பாலும் மேனேஜரைத் திட்டுவார்கள். அது மேல் அளவு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கம்ப்ரசரை வைப்பார். அப்புறம் ஹெட்போனில் சத்தத்தை ரொம்பக் குறைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தடவை முழுதும் கேட்பார்.

சென்டரில் இருந்த கம்ப்ரசரில் அழகான மீட்டர் ஒன்று இருந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் கறுப்பு முள் ஆடும். பார்த்துக்கொண்டே இருக்கலாம். பாய் அந்தக் கண்ணாடி மேல் ஒரு தீப்பெட்டி லேபிளைப் பசை போட்டு ஒட்டிவிட்டார். அச்சகத்தில் மிஞ்சிய, பூட்டுப் படம் போட்ட சிவப்பு லேபிள். முள் ஆடுவது தெரியவே தெரியாது.

"என்ன பாய், இம்புட்டு நல்ல மீட்டரை மறைச்சுட்டீக?" என்று கேட்டேன்.

"கண்ணைத் திறந்து வச்சா காது தூங்கிரும். காசு வாங்குறது காதுக்குத்தானலே."

பட்டாசு விளம்பரத்தில் எங்களைப் படாதபாடு படுத்திய வேலை ஒன்று உண்டு. ஒரு கம்பெனி முதலாளி தன்னுடைய வெடிச் சத்தத்தையும் விளம்பரத்தில் சேர்க்கச் சொன்னார். நானும் மைக்கைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பொட்டலுக்குப் போய், வெடிக்குப் பக்கத்தில் நின்று பதிந்து வந்தேன். வெடியையும் அறிவிப்புச் சொன்ன பெண்ணின் குரலையும் ஒரே கம்ப்ரசர் வழியாக விட்டுவிட்டேன். வெடி வெடித்த நொடியில் பெட்டி மொத்தத்தையும் அமுக்கியது. அடுத்து வந்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. முதலாளி கேட்டுவிட்டு, "என்ன தம்பி, என் வெடியைக் கேட்டு அந்தப் பொம்பள கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிட்டாளா?" என்றார். பாய் அன்று முழுதும் எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் வெடியைத் தனியாக, பெட்டிக்குள் விடாமல், சேர்த்துக் காட்டினார். அதற்குப் பிறகும் பல சீசன்களில் பல பொட்டல்களில் மைக்கோடு போய் நின்றிருக்கிறேன். வெடிக்குப் பக்கத்தில் நிற்பது மட்டும் குறையவில்லை.

வருசங்கள் போயின. பாய்க்கு மூட்டுவலி வந்து சென்டருக்கு வருவது குறைந்தது. நான்தான் எல்லாம் என்று ஆனது. அப்போதுதான் ஒரு தீபாவளிக்கு வீட்டு வாசலில் சரவெடியின் திரியைப் பற்ற வைத்தேன். பற்றவில்லை என்று நினைத்துக் குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டு போனேன். என் மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததில் சட்டை கிழிந்தது. நான் உட்கார்ந்த இடத்துக்கு முன்னால் சரம் படபடவென்று வெடித்தது.

"காது அவிஞ்சு போச்சா உங்களுக்கு? ஸ்ஸுன்னு சீறிக்கிட்டு இருக்கு, அதுக்குள்ள போய் மூஞ்சியை வைக்கீக!"

புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. திரி சீறும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு யோசித்துப் பார்த்தால், மழைக்காலத்தில் சில்வண்டு கத்துவதையும் நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. பேச்சு கேட்டது, பாட்டு கேட்டது, வெடி கேட்டது. மெல்லிசான, கூரான சத்தங்கள் மட்டும் என்னிடம் சொல்லாமல் போயிருந்தன.

வேறு தொழில் என்றால் டாக்டரிடம் போயிருப்பேன். தலையாரிக்குக் கண் போனால் வேலை போய்விடும் இல்லையா, எனக்கும் அந்தப் பயம்தான். யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளி கழிந்து சென்டரைத் திறந்த அன்று, ஆள் வருவதற்கு முன்னால், ஈரத் துணியால் ஊற வைத்து அந்த லேபிளை மீட்டரிலிருந்து உரித்து எடுத்தேன். அன்றிலிருந்து என் வேலையைக் காது பாதியும் கண் பாதியுமாகப் பார்த்தன. முள் மூன்றைத் தொட்டால் நல்லது, ஐந்தைத் தாண்டினால் அதிகம். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சென்டர் மூடப்பட்டு, இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். நானும் ஓய்வுபெற்று வீட்டோடு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் இந்த வீட்டு ரெக்கார்டிங்காரர்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அத்தனை பேருக்கும் நான் சொன்னது ஒரே யோசனை. "வாங்குறதா இருந்தா முள் உள்ள பெட்டியா வாங்குங்க. புள்ளிபுள்ளியா லைட் எரியுறதெல்லாம் பொம்மை." அதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு கனம் வந்துவிடும். அவர்களும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். சிவகாசி, சாத்தூர், ஆமத்தூர் என்று எந்த வீட்டில் பார்த்தாலும் போர்வைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் வெளிச்சம், அதில் ஒரு முள். இந்த வட்டாரத்தில் மட்டும் ஏன் எல்லாரும் அந்தப் பழைய மாதிரிப் பெட்டியைக் கேட்கிறார்கள் என்று மதுரைக் கடைக்காரர் வியந்து போனதாகச் சொன்னார்கள். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். என் செவிட்டுத்தனத்தை நான் ஊருக்கே யோசனையாகக் கொடுத்திருந்தேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் தாயில்பட்டிப் பேச்சியம்மா. நாற்பதைத் தாண்டியவர். பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவர். மருந்துத் தூசி ஒத்துக்கொள்ளாமல் தோலெல்லாம் புண்ணாகி, இனி உள்ளே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கணவர் கருப்பசாமி கம்பெனி வேன் ஓட்டுகிறார். ஊர்ப் பொங்கலில் அறிவிப்புச் செய்ய ஆளில்லாமல் பேச்சியம்மா கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வந்திருந்த ஒரு கடைக்காரர் அந்தக் குரலைக் கேட்டு விளம்பரத்துக்குக் கூப்பிட்டார். அதிலிருந்து ஆர்டர் மேல் ஆர்டர். அவருக்கு முன்பற்களுக்கு நடுவே நல்ல இடைவெளி. பேசும்போதும் சிரிக்கும்போதும் அது தெரியும்.

வெறும் மைக்கை வைத்தே பேசி அனுப்பிக்கொண்டிருந்தவர், சீசன் பெரிதாக வருகிறது, குரலைச் சீராக்க ஒரு பெட்டி வேண்டும் என்று என்னிடம் கேட்டார். கருப்பசாமியும் சேர்ந்து நாங்கள் மூவரும் மதுரைக்குப் போனோம். அவர் வசதிக்கு எட்டுவதாக இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று, கறுப்பு நிறம், வரிசையாகச் சின்ன விளக்குகள். விலை குறைவு. 'ஸ' என்ற ஒலி குத்தும்போது அதை மட்டும் அமுக்குவதற்குத் தனியாக ஒரு சுவிட்ச் அதில் இருந்தது. இன்னொன்று முள் ஆடும் பெட்டி.

"அந்த சுவிட்ச் எதுக்கு அண்ணாச்சி?" என்று பேச்சியம்மா கேட்டார்.

"அதெல்லாம் வேலையத்த வேலை, தாயி. விக்கிறதுக்காக ஒண்ணு சேர்த்து வைப்பான். நீ முள்ளைப் பாரு."

கடையில் அவரே பேசி, அவர் காதாலேயே இரண்டையும் கேட்டு எடுத்திருக்க வேண்டும். ஹெட்போனை நான்தான் மாட்டிக்கொண்டேன். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டன. எடுத்துக்கொண்டு வந்தோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்ப்ரசர் குரலின் பெரிய சத்தத்தை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் தூக்கும்போது, சொல்லோடு ஒட்டியிருக்கும் 'ஸ்ஸ்' என்ற சின்னச் சீறலும் கூடவே எழுந்து வரும். அதில் முள் ஆடாது. அந்தச் சீறலின் எடை அவ்வளவு குறைவு. ஆனால் கேட்கிறவர் காதில் ஊசி இறங்கும். எங்கள் ஊர் விளம்பரத்தையும் யோசித்துப் பாருங்கள். சிவகாசி, சரவெடி, சங்குசக்கரம், சாட்டை, சீசன் ஸ்பெஷல் சலுகை. வேறு ஊர் ஜவுளி விளம்பரம் என்றால்கூடத் தப்பித்திருக்கலாம். பட்டாசில் தொட்டதெல்லாம் 'ஸ'தான்.

பெட்டி வந்த பிறகு பேச்சியம்மாவின் ஆர்டர்கள் குறைந்தன. "காது கூசுதும்மா", "இந்த வருசம் வேற குரல் பாத்துக்கிடுதோம்" என்று கடைக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் எனக்கு போன் செய்தார். நான் தாயில்பட்டிக்குப் போய் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. முள் மூன்றில் அழகாக ஆடியது.

"ரெக்கார்டிங்ல ஒரு குறையும் இல்லை" என்றேன்.

 அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். "அப்ப என் பல்லுலதான் கோளாறா அண்ணாச்சி? இந்தச் சந்து வழியாக் காத்துப் போகுதோ?"

பெட்டியில் குறையில்லை என்று நான் சொன்ன பிறகு அவருக்கு வேறு எங்கே குறையைத் தேட முடியும்? நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, "இருக்கலாம் தாயி, பல்லு டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டு வந்தேன்.

அவர் சிவகாசியில் பல் டாக்டரிடம் போய் அந்த இரண்டு பற்களையும் ராவி, உறை போட்டு, இடைவெளியை அடைத்துக்கொண்டார். அடைத்த பிறகு பேசிப் பதிந்து எனக்கு அனுப்பி, "இப்பச் சரியாயிருச்சா?" என்று கேட்டார். "பிரமாதம்" என்று சொன்னேன். அதையும் கடைக்காரர்கள் திருப்பிவிட்டார்கள்.

சாகுல் பாயை அவ்வப்போது வீட்டில் போய்ப் பார்ப்பது உண்டு. எண்பதைத் தாண்டிவிட்டார். வெள்ளைச் சட்டையில் இப்போதும் கசங்கல் இல்லை. "நல்ல குரல் ஒண்ணு கிடைச்சிருக்கு பாய், ஆனா ஏனோ எடுபட மாட்டேங்குது. கேட்டுப் பாருங்க" என்று பேச்சியம்மாவின் விளம்பரத்தைப் போட்டு ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். அவர் வழக்கம்போல் கண்ணை மூடினார். அடுத்த கணம், சூடுபட்டவர் போல ஹெட்போனைப் பிடுங்கி மடியில் போட்டார்.

"ஏலே மாரி! என்னலே இது, இந்தக் குத்துக் குத்துது!"

"எங்க பாய்?"

"எங்கயா? ஒவ்வொரு 'ஸ'வுலயும்லே."

மறுபடி போட்டுக் கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன், ஏதோ இப்போது புரிந்தது போல. அவரிடம் அது செல்லாது. ஹெட்போனிலிருந்து வெளியே கசியும் சத்தத்திலேயே அவர் விரலால் ஒவ்வொரு குத்தையும் காற்றில் தட்டிக் காட்டினார். தட்டு விழுந்த இடங்களில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"எப்பருந்துலே?" என்றார்.

நான் ஹெட்போனைக் கழற்றி அவர் மடியில் வைத்தேன்.

"மீட்டர்ல இருந்த லேபிளைக் கிழிச்சது நீதானா? கூட்ட வந்தவன் தண்ணி பட்டு உரிஞ்சிருச்சுன்னு சொன்னான். அவனை ரெண்டு வார்த்தை கேட்டுட்டேன்லே." அவர் நாற்காலியைத் திருப்பவில்லை. இந்த வயதில் அவரால் திருப்பவும் முடியாது. சன்னல் பக்கம் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து போவதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் அவர் மடியிலிருந்த ஹெட்போனின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் மகன்தான் என்னை மதுரையில் காது டாக்டரிடம் கூட்டிப் போனார். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதிக்கும் பெண்ணின் தோள் அசைவது தெரிந்தது. அது அசையும்போதெல்லாம் அழுத்தினேன். அந்தப் பெண் எழுந்து வந்து, "ஐயா, கொஞ்சம் சுவரைப் பாத்து உக்காந்துக்கோங்க" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். அதற்குப் பிறகு வெகுநேரம் பொத்தானை அழுத்தும் வேலையே எனக்கு இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் காட்டிய வரைபடத்தில் கோடு ஓரளவு நேராகப் போய் ஓரிடத்தில் தடாலென்று கீழே இறங்கியிருந்தது. இது இன்று நேற்று வந்தது இல்லை என்றார்.

இனி கம்ப்ரசர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் வர வேண்டாம். உங்கள் மைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உங்கள் குரலில் பேசி, பெட்டிக்குள் விட்டும் விடாமலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். குமிழைத் திருகும்போது கரகரவென்று வந்தால் வேண்டாம். நீங்கள் பேசாமல் இருக்கும்போது பின்னால் ஊங்காரம் எழுந்தால் வேண்டாம். 'ஸ' வரும் சொற்களை நிறையப் பேசுங்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். வீட்டில் காது நன்றாகக் கேட்கிற யாரையாவது கூட்டிப் போங்கள். முள் இருந்தால் என்ன, விளக்கு இருந்தால் என்ன? அதையெல்லாம் பார்க்காதீர்கள்.

பேச்சியம்மாவுக்கு போன் செய்து, "கோளாறு பெட்டியிலதான் தாயி, வேற கொண்டாறேன்" என்று மட்டும் சொன்னேன். அப்போதும் உண்மையைச் சொல்ல எனக்கு வரவில்லை. அவரும் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை. சுவிட்ச் உள்ள அந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு, பாயையும் காரில் ஏற்றிக்கொண்டு தாயில்பட்டிக்குப் போனேன். பாய் வருகிறேன் என்று தானாகவே சொன்னார். நான் ஒழுங்காகச் சொல்கிறேனா என்று பார்க்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன்.

கருப்பசாமி வேனை வாசலில் நிறுத்திவிட்டு வந்து பாயைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனார். "வாங்க பாய், இங்கன உக்காருங்க, ஃபேன் காத்து வரும்." பேச்சியம்மா சிரித்துக்கொண்டே வந்தார். வரிசையான, சந்தில்லாத சிரிப்பு. எனக்கு அந்த வாயைப் பார்க்க முடியவில்லை.

பாய் இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிக் கேட்கும்படி இணைக்கச் சொன்னார். வயரைச் செருகுவது மட்டும்தான் என் வேலை. பேச்சியம்மாவை மைக் முன்னால் உட்கார வைத்து, "காலையில என்ன சாப்பிட்டீக?" என்றார். அவர் பழைய சோற்றையும் வெங்காயத்தையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, பாயின் விரல் நடுங்கிக்கொண்டே குமிழைத் திருகியது.

"இப்ப யாரையாவது நல்லாத் திட்டுங்க தாயி."

பேச்சியம்மா கணவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மைக்கைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"ஏ பாழாப்போன வாயே! உன்னால எம்புட்டு ஆர்டர் போச்சு! நல்லா இருந்த பல்லை ராவ விட்டும் உனக்கு அறிவு வரலையே! இனிமே ஒழுங்காப் பேசுவியா, பேச மாட்டியா?"

கருப்பசாமி சத்தமாகச் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தாயி, வாயைத் திட்டாதீக" என்றேன். "உங்க வாயில ஒரு குறையும் இல்லை. உங்க பல்லுலயும் இருந்ததில்லை. எனக்குக் காது கேக்காது. ரொம்ப வருசமாவே அந்தச் சத்தம் எனக்குக் கேக்காது. கேக்காமலேதான் பெட்டியை எடுத்துக் குடுத்தேன். கேக்காமலேதான் பல்லு டாக்டரைப் பாக்கச் சொன்னேன்."

கருப்பசாமியின் சிரிப்பு நின்றது. பேச்சியம்மா நாக்கால் முன்பற்களை உள்ளிருந்து ஒரு தடவை தடவிக்கொண்டார். அவர் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பாய்தான் கேட்டார். "இந்தப் பெட்டி வாங்குறதுக்கு முந்திப் பேசுனது ஏதும் இருக்கா தாயி?"

பேச்சியம்மா தன் செல்போனைத் தேடி எடுத்து, வயரில் செருகி, பழைய விளம்பரம் ஒன்றைப் போட்டார். முள் பெட்டி வழியாக அது ஸ்பீக்கரில் வந்தது. பெட்டியின் அமுக்கும் வேலையைப் பாய் நிறுத்தி வைத்திருந்ததால் குரல் உள்ளபடியே வந்தது. முள் மட்டும் ஆடியது. கடையின் பெயர், இடம், சலுகை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "வாங்க, வந்து வெடிச்சுப் பாருங்க!" என்று ஒரு சின்னச் சிரிப்பு. சிரிப்பு முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் பாயின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. கருப்பசாமி தலையைக் குனிந்துகொண்டார். பேச்சியம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

"சிரிப்பு முடியுற இடத்துல, பல்லுச் சந்துக்குள்ள ஒரு சின்ன விசில் வருதுலே" என்று பாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அதுக்குத்தான் அம்புட்டு ஆர்டரும் வந்திருக்கு."

பேச்சியம்மா அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டார். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பழக்கத்தில் கண் முள்ளுக்குத்தான் போனது. சிரிப்புக்கு ஆடிய முள் கீழே விழுந்து ஓய்ந்து கிடந்தது.

"கேட்டுச்சா அண்ணாச்சி?"

"கேக்கலை தாயி."

அவர் வயரைப் பிடுங்கி, நிதானமாகச் சுருட்டி, என் கையில் கொடுத்தார்.

"இனிமே அந்த விசில் இந்த வீட்டுலயும் கேக்காது" என்றார்.